கியரில் நிற்காத வண்டி

ஆட்டோ கிளட்ச் நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. ஒர்க் ஷாப் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கக்கூட மனசில்லாமல், உட்கார்ந்தபடியே கேட்பார்கள். முக்கால்வாசிப் பேர் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் சேற்றில் பறக்கிற வீடியோவைச் செல்போனில் பார்த்துவிட்டு வந்தவர்கள். அந்தச் சேறு வேறு, நம் மலைப் பாறை வேறு என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அதனால் பாதி நேரம் "யோசிச்சி செய்ங்க சார்" என்று அனுப்பிவிடுகிறேன். இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பூபாலன். பிறந்தது சந்தவாசல். கல்யாணத்துக்குப் பிறகு திருப்பத்தூருக்கு வந்து, புதூர்நாடு போகிற ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்தேன். மலையிலிருந்து இறங்குகிற ஜீப்புகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அதில் ஒரு ஜீப் தீர்த்தகிரியுடையது. பஸ் இல்லாத நேரத்தில் மலை ஜனங்களுக்கு அவர் ஜீப்தான் பஸ். உள்ளே ஆட்கள், மேலே புளி மூட்டை, பின்னால் தொங்கிக்கொண்டு நாலு பேர் என்று வரும். அப்படி ஏற்றிக்கொண்டு வந்தாலும் அவர் ஓட்டி யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவ்வளவு நிதானம்.

அந்த ஜீப்பில் கைபிரேக் மட்டும் கிடையாது. "ஒயர் மாத்திடலாமாண்ணா?" என்று நானும் சலிக்காமல் கேட்பேன்.

"எதுக்குப்பா? கியர்ல போட்டா மல நவுந்தாலும் வண்டி நவுராது" என்பார்.

அவர் மட்டுமல்ல, அந்த மலையில் வண்டி ஓட்டுகிற எல்லாரும் அப்படித்தான். ஏற்றத்தில் நிறுத்தினால் முதல் கியர், இறக்கத்தில் நிறுத்தினால் ரிவர்ஸ். இஞ்சினை அணைத்துக் கியரில் விட்டால் இஞ்சினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பைக்காக இருந்தாலும் கியரை மிதித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற மாதிரி, யோசிக்காமல் நடக்கிற காரியம் அது.

தீர்த்தகிரியின் தம்பி மோகன். அவர்கள் ஊர் புதூர்நாட்டையும் தாண்டி உள்ளே இருக்கிறது. ஜீப் போகிற தடம் ஓரிடத்தில் முடிந்துவிடும். அங்கிருந்து ஊர் வரைக்கும் பாறையும் வேருமாக ஏறுகிற ஒற்றைத் தடம்தான். சாமையும் கேழ்வரகும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். மோகனின் மனைவி அன்பரசிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை திருப்பத்தூருக்கு வந்து ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு போக வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், இரண்டு தடவை தவறினால் மூச்சு வாங்கும். அதற்கு மேல் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முதலில் கட்டையில் துணி கட்டித் தூளியாகத் தூக்கி வந்தார்கள். தூக்க நாலு ஆண்கள் வேண்டும். ஊரில் பாதி ஆண்கள் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போய்விடுகிறார்கள். திருப்பத்தூரிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கிப் பார்த்தார்கள். மேலே காட்டையும் ஆட்டையும் விட்டுவிட்டு மோகன் இங்கே என்ன செய்வான்? அதனால், ஏலகிரியில் மூடிவிட்ட ஒரு விடுதியிலிருந்து, சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுத் தேய்ந்துபோன நாலு சக்கர பைக் ஒன்றை வாங்கினான். அகலமான டயர், உயரமான கைப்பிடி. ஊரார் அதற்கு நண்டு வண்டி என்று பெயர் வைத்தார்கள். பின்னால் ஒரு சின்ன டிரெய்லரையும் கோத்துக்கொண்டான்.

வண்டி சரிதான், ஓட்டுகிற கைதான் சரியில்லை. புளி உலுக்க ஏறி விழுந்ததில் மோகனின் இடது மணிக்கட்டு ஒடிந்து, நாட்டுக் கட்டுப் போட்டுக் கோணலாகச் சேர்ந்திருந்தது. டம்ளரைக்கூட இறுக்கிப் பிடிக்க வராது. பாறை ஏற்றத்தில் நிமிஷத்துக்கு நிமிஷம் கிளட்ச் பிடித்து விட வேண்டும். ஒரு நாள் பாதி ஏற்றத்தில் கை மரத்துப்போய் இஞ்சின் நின்றுவிட்டது. வண்டி அன்பரசியையும் வைத்துக்கொண்டு பின்னால் வந்து ஒரு பாறையில் முட்டி நின்றது. அதற்கடுத்த வாரம் தீர்த்தகிரியோடு சேர்த்து மூன்று பேரும் என் ஒர்க் ஷாப்புக்கு வந்தார்கள். குட்டி யானை லாரியில் வண்டி வந்தது.

"அண்ணா, இந்தக் கையால கிளட்ச் புடிக்க முடியல" என்றான் மோகன். "புடிக்காம ஓட்ற மாதிரி எதனா பண்ண முடியுமா?"

முடியும் என்றேன். இஞ்சின் வேகம் கூடினால் தானே பிடித்துக்கொள்ளும், குறைந்தால் தானே விட்டுவிடும். கைக்கு வேலையே இல்லை. அதுதான் ஆட்டோ கிளட்ச்.

தீர்த்தகிரிக்குப் பிடிக்கவில்லை. "கிளட்ச் புடிக்காம ஓட்றதுன்னா அது வண்டியா? ரங்கராட்டினம்."

அன்பரசி அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஸ்டூலில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தாலும் வாய் மட்டும் ஓயாது. பன்னிரண்டாவது வரை படித்த பெண். ஆனால் பதிலை அவள் தீர்த்தகிரியிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள்.

"அண்ணா, மாமாகிட்ட சொல்லுங்க. இஞ்சின் நின்னு வண்டி பின்னாடி வந்தப்ப மேல உக்காந்திருந்தது நான்தான். ராட்டினம் அன்னிக்கே சுத்திடுச்சின்னு சொல்லுங்க."

தீர்த்தகிரி கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி, "ராட்டினம் அன்னிக்கே சுத்திடுச்சாம்ணா" என்றேன்.

அவர் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பொண்ண பயப்பட வேணாம்னு சொல்லுப்பா" என்றார்.

"தந்தி ஆபீஸ் வேலைக்குத் தனியா கூலி கேக்கணும் போல கீதே" என்றேன். அன்பரசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தீர்த்தகிரியும் கூரையைப் பார்த்தே சிரித்தார்.

கணவனின் அண்ணனிடம் தம்பி மனைவி நேராகப் பேசமாட்டாள். அவரும் அவளிடம் பேசமாட்டார், நேருக்கு நேர் பார்க்கவும் மாட்டார். சொல்ல வேண்டியதை நடுவில் இருக்கிற யாரிடமாவது சொல்வார்கள். யாரும் இல்லையென்றால் நாயிடமோ ஆட்டிடமோ சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் சந்தவாசல் பக்கமும் ஒரு காலத்தில் இருந்த வழக்கம்தான். என் வீட்டில் அது எப்போதோ போய்விட்டது. என் மனைவி காவியா என் அண்ணனோடு டிவி ரிமோட்டுக்கே மல்லுக்கு நிற்பாள். மலையில் இன்னும் விடவில்லை. விரோதம் என்று நினைத்துவிடக் கூடாது. அன்பரசி வருகிற நாளில் எவ்வளவு கூட்டமானாலும் ஜீப்பின் முன் சீட்டை அவளுக்கென்று வைத்திருப்பார் தீர்த்தகிரி. நடுவில் அவர் மனைவி மாதம்மாள் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேர் பேச்சும் மாதம்மாள் வழியாகத்தான் போய் வரும். தம்பி பெண்டாட்டிக்கு அவர் கொடுத்த மரியாதை அது. அவளும் அதே மரியாதையைத் திருப்பிக் கொடுத்தாள்.

பெங்களூரில் ரேஸ் வண்டிச் சாமான் விற்கிற கடையிலிருந்து கிளட்ச்சை வரவழைத்தேன். மாட்டி முடித்த அன்று மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொன்னேன். ஆட்டோ கிளட்ச் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஏற்றத்தில் இஞ்சின் நிற்கவே நிற்காது, அது லாபம். ஆனால் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுசாக விட்டால் கிளட்ச் தானாக விட்டுவிடும், வண்டி சும்மா உருளும். பிரேக்கில்தான் இறங்க வேண்டும். அதைவிட முக்கியம், இஞ்சினை அணைத்தால் கிளட்ச் விட்டேதான் இருக்கும். கியரில் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். இந்த வண்டி கியரில் நிற்காது.

விடுதிக்காரர்கள் கைபிரேக் பூட்டை உடைத்து வைத்திருந்தார்கள். அதற்கு உதிரிப் பாகம் எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைத்தே ஆக வேண்டும் என்றேன். வாயால் சொன்னால் போதாது என்று, பக்கத்துச் சரிவில் வண்டியை ஏற்றி, முதல் கியரில் போட்டு அணைத்து, பிரேக்கை விட்டுக் காட்டினேன். வண்டி சத்தமே இல்லாமல் பின்னால் போனது. தீர்த்தகிரி அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அன்பரசி கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்து வந்து சக்கரத்துக்கு வைத்தாள்.

"அப்ப கல்லு வெக்கற வேல என்னுது" என்றாள். "ஓட்றது இவரு, நிறுத்தறது நானு."

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போயின. அன்பரசி ஒரு தடவைகூடத் தவறவில்லை. மழையில் வழுக்குகிற பாறையிலும் நண்டு ஏறியது. மோகன் வலது கையை முறுக்கினால் போதும். ஊரில் பிரசவ வலி வந்த ஒரு பெண்ணையும், பாம்பு கடித்த ஒருவரையும் அதில்தான் இறக்கினார்கள், இரண்டு பேரும் பிழைத்தார்கள். வண்டி நின்றால் மோகன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அன்பரசி இறங்கிக் கல் வைப்பாள், அப்புறம்தான் அவன் இறங்குவான். அவள் மிகவும் தளர்ந்திருந்தால் டிரெய்லரில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி வைப்பாள். பலாக் காலத்தில் ஜீப்பில் எனக்கு ஒரு பழம் வந்தது. மாதம்மாள் இறக்கிவைத்துவிட்டு, "அன்பரசி குடுக்கச் சொன்னா. ராட்டினம் நல்லா ஓடுதாம்" என்றாள். முன் சீட்டில் அன்பரசி சிரித்துக்கொண்டிருந்தாள். பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் போன் வந்தது. ராஜவேலு என்று இன்னொரு ஜீப் டிரைவர்.

"யோவ், இன்னா எழவ மாட்டி வுட்ட அந்த வண்டியில? உன் கிளட்ச்சு அந்தப் பொண்ணக் கொன்னுடுச்சி."

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிணவறைக்கு வெளியே மோகன் பெஞ்சில் போர்வையைச் சுற்றிக்கொண்டு கிடந்தான். நாலு நாளாகக் கடுமையான காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை. அதனால் அன்று அண்ணன் தீர்த்தகிரிதான் நண்டு வண்டியை ஓட்டியிருக்கிறார். எப்போதும் கூட வருகிற மாதம்மாள், காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்த மோகனைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருந்துவிட்டாள். காலையில் இறங்கி, ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு, மத்தியானம் ஜீப்பில் தடம் முடிகிற இடம் வரைக்கும் போயிருக்கிறார்கள். அங்கிருந்து நண்டில் ஏறும்போது வண்டி பின்னால் உருண்டு, டிரெய்லர் மடங்கிப் பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டது. ஆழம்கூட இல்லாத பள்ளம். அன்பரசி டிரெய்லருக்கு அடியில் போய்விட்டாள். தீர்த்தகிரி தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார், ஜீப்புக்கு வந்து சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

"வண்டி தானா பின்னாடி வந்துடுச்சி" என்பதைத் தவிர அவர் யாரிடமும் வேறெதுவும் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் ரத்தச் சட்டையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாதம்மாள் திரும்பவில்லை. குனிந்து மண்ணை வாரி என் மேல் தூற்றினாள்.

"எம் பொண்ணாட்டம் இருந்தாளேடா. வாயில்லாத வண்டிய மாட்டி உட்டு எமனுக்குக் குடுத்துட்டியேடா பாவி."

மேலே விழுந்த மண்ணோடு அப்படியே கிளம்பினேன். வீட்டுக்கு வந்து காவியாவிடம் கத்தினேன். சொன்னேனா இல்லையா, மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொன்னேனா இல்லையா என்று. அவளை ஏன் திட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு மலை ஜீப் எதுவும் என் ஒர்க் ஷாப்புக்கு வரவில்லை. எதிர்க்கடையில் நின்று டீ குடிப்பார்கள், வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோவார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பொழைப்புப் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், என் கையால் ஒரு சாவு என்று ஊர் பேசுவதைப் பொறுக்க முடியவில்லை. அந்த வண்டியை ஒரே ஒரு தடவை பிரித்துப் பார்க்கக் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு காலை, குட்டி யானை வந்து நின்றது. மேலே நண்டு, கைப்பிடி வளைந்து, ஒரு சக்கரம் கோணி, கவிழ்ந்த மண் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. போலீஸ் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாம். மோகன் முன்னால் இறங்கினான், ஆள் பாதியாகியிருந்தான். பின்னால் தீர்த்தகிரி இறங்கி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்" என்றான் மோகன். "சண்ட போட வரல. கிளட்ச் ஒடஞ்சிச்சா, பிரேக் போச்சா, எது போச்சின்னு பாத்துச் சொல்லுங்க. தெரிஞ்சிட்டா ராத்திரில கண்ண மூடலாம்."

பார்த்தேன். சாவி அணைத்திருந்தது. வண்டி முதல் கியரில் கிடந்தது. பிரேக் அழுத்தினால் கல் மாதிரி பிடித்தது. பக்க மூடியைக் கழற்றிக் கிளட்ச்சை வெளியே எடுத்தேன். எண்ணெயில் மின்னிக்கொண்டு, மாட்டிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. ஒரு ஸ்பிரிங் தளரவில்லை, பிடிக்கிற கட்டை ஒன்றுகூடத் தேயவில்லை. எனக்கு உள்ளுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம் வந்தது. என் மேல் தப்பில்லை. இதைவிட அசிங்கமான சந்தோஷம் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

கிளட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். மோகன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் தீர்த்தகிரி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. ஏற்றத்தில் நிறுத்தியிருக்கிறார். இஞ்சினை அணைத்திருக்கிறார். முதல் கியரை மிதித்துவிட்டு இறங்கியிருக்கிறார். ஆயுசு முழுக்கச் செய்த காரியத்தை ஒரு தடவை கூடுதலாகச் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

இத்தனை நாள் தேக்கி வைத்திருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. செத்தவள் திரும்பி வரப்போவதில்லை. இருக்கிற இரண்டு பேரும் ஒரே ஊரில், ஒரே வாசலில் இனிமேலும் இருந்தாக வேண்டும். என் பேர்தான் கெட்டுவிட்டதே, இன்னும் கொஞ்சம் கெட்டால் என்ன என்று தோன்றியது.

"உள்ள ஒரு ஸ்பிரிங்கு..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்பா" என்றார் தீர்த்தகிரி.

மோகன் திரும்பினான்.

"ஸ்பிரிங்கும் ஒடியல, ஒண்ணும் ஒடியல. இவரு எனக்காவப் பொய் சொல்றாரு." வாசலில் இருந்தவர் உள்ளே வந்து வண்டியின் சீட்டில் கை வைத்துக்கொண்டார். "பொழுது சாயறதுக்குள்ள ஏறிடலாம்னு வந்துட்டு இருந்தோம். என் பின்னாடி உக்கார்றது மொற இல்லன்னு அந்தப் பொண்ணு டிரெய்லர்ல சாக்கப் போட்டு உக்காந்துகிச்சி. பாற ஏத்தத்துல நடுவுல ஒரு கெள முறிஞ்சி விழுந்து கெடந்துச்சி. வண்டிய அணச்சி, கியர்ல போட்டுட்டு, கெளய இழுக்க முன்னாடி போனேன்."

"கியர்ல நிக்காதுன்னு இந்த அண்ணன் அன்னிக்குக் காட்னாரே" என்றான் மோகன். குரலில் கோபம்கூட இல்லை, குழந்தை கேட்கிற மாதிரி கேட்டான். "நீயும்தானே பாத்த?"

"பாத்தேன். எனக்குத் தெரியும். ஒடம்புக்குத் தெரியலடா. கால் தானா மெரிச்சிச்சி, நானும் எறங்கிட்டேன்."

பின்சக்கரம் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இறங்கியதும் வண்டி உருளவில்லை. நின்றுவிட்டது என்றே அவர் நினைத்திருக்கிறார். அதையும் அவரே சொன்னார்.  அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். கையில் இருந்த கிளட்ச்சைப் பெஞ்சில் வைத்தேன்.

"இன்னும் முடியலப்பா" என்றார் தீர்த்தகிரி. "அந்தப் பொண்ணு சொன்னா."

மோகன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

"கல்லு வெக்கலன்னு பாத்துட்டா. சொன்னா. எங்கிட்ட சொல்லல, எங்கிட்ட எப்படிச் சொல்லுவா? ஆனா சொன்னா. என் காதுல நல்லா விழுந்துச்சி." அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. "திரும்பிப் பாக்கறது மரியாத இல்லன்னு கேக்காத மாதிரி இருந்துட்டேன். இந்தக் கெளய இழுத்துப் போட்டுட்டு, வந்து வெச்சிக்கலாம்னு நெனச்சேன். கைக்கெட்ற தூரத்துல கல்லு இல்ல, நான் அசையலன்னதும் அவளே எறங்கியிருக்கா. சரளக் கல்லு தடதடன்னு உருள்ற சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஒரு கால் கீழ கீது, ஒரு கால் டிரெய்லர்ல கீது. அவ எறங்கின அசைவுலதான் சக்கரம் குழிய விட்டு வந்துடுச்சி."

எதிர்க்கடையில் யாரோ பாய்லரில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. மோகன் கோணல் கையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு நின்றான். 

"இன்னான்னு சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லு."

தீர்த்தகிரியின் உதடு ஒரு தரம் அசைந்து நின்றது. அந்தப் பெண்ணின் வார்த்தையைத் தன் வாயால் சொல்வதுகூட அவருக்குக் கூச்சமாக இருந்தது போல. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"'கல்லு வெக்காம போறாங்களே, யாராச்சும் சொல்லக் கூடாதா'ன்னு சொன்னா."

"யாராச்சும்னா?" என்றான் மோகன். "அங்கதான் யாருமே இல்லியே."

"நான் இருந்தேன்டா" என்றார் தீர்த்தகிரி.